தந்த நிறக் கண்ணிகள்

அலவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையின் நடுவே, அச்சாறுப் போத்தலுக்கும் பப்படத் தட்டுக்கும் இடையில் வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் அவருடைய வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அது என்ன என்று யாராவது கேட்கட்டும் என அவர் காத்திருந்தார். ஒருவரும் கேட்காததால் தானே தொடங்கினார்.

"இது இரும்பில்ல. தங்கமும் இல்ல. மார்க்கத்துல ஆம்பளைக்குத் தங்கம் கூடாதென்டு நான் அந்தப் பக்கமே போறல்ல. இது செரமிக். ஹைடெக் செரமிக். கத்தியால கீறினாலும் கோடு விழாது."

காலி வீதியில் குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடை அலவியுடையது. கொமட், பேசின், தரை ஓடு என்று பகல் முழுவதும் பீங்கானை விற்றுவிட்டு வரும் மனிதர், பீங்கானை முதன்முதலாகக் கண்டவர்போலப் பேசியது பர்ஹாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பர்ஹா அவருடைய தம்பி ஹபீஸின் மனைவி, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பவள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் பல் வைத்தியம் பார்ப்பவள்.

கடிகார முகவர்கள் தங்கள் நல்ல வாடிக்கையாளர்களைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போய்த் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டியிருந்தார்கள். அலவியும் போய் வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, சப்பாத்துக்கு உறை. உள்ளே ஒரு தூசி விழக்கூடாதாம். மாவுபோன்ற ஒரு பொடியை அச்சில் அழுத்துகிறார்களாம், பிறகு சூளையில் சுடுகிறார்களாம், பிறகு வைரப் பொடியால் நாட்கணக்கில் மினுக்குகிறார்களாம். உள்ளே இருக்கும் முடியளவு திருகாணிகளை ஒரே ஆள் குனிந்திருந்து பூட்டுகிறானாம். அவனுக்குக் கை நடுங்கக்கூடாது என்பதால் கோப்பி குடிக்க விடமாட்டார்களாம்.

"அந்தப் பொடிக்குப் பேர் சொன்னாங்களா நானா?" என்று பர்ஹா கேட்டாள்.

"அது அவங்கட ரகசியம்."

"ரகசியமொன்டும் இல்ல. சிர்கோனியா. நாங்க பல்லுக்குக் கெப் போடுறதும் இதுலதான். சுட்டா அஞ்சில ஒரு பங்கு சுருங்கும். அதனால முதல்ல பெருசா வெட்டிட்டுத்தான் சூளைக்குள்ள வெக்கிற. கறுப்பு நிறத்துக்கு மட்டும் வேற ஒக்சைட் கலப்பாங்க."

அலவி மிக மெதுவாகச் சிரித்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்பதுபோல. "பர்ஹா, நீங்க சொல்ற பல்லு. இது வொச்."

அவள் கடிகாரத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். கண்ணாடி வழியே உள்ளே அரைவட்டமான ஒரு தகடு கை அசையும்போதெல்லாம் சுழன்றது. ஸ்பிரிங்கை முறுக்குவதற்கான தகடு அது. பாரமாக இருக்கவேண்டும் என்பதற்காக விலைகூடிய கடிகாரங்களில் அதைத் தங்கத்தில் செய்வார்கள்.

"உள்ளுக்குச் சுத்துற இது தங்கம்தானே?"

"அது தோல்ல படுறல்லையே," என்றார் அலவி. அதைப் பற்றி ஏற்கனவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார் என்பது தெரிந்தது. "கண்ணாடிய பாருங்க. சஃபையர். எங்கட இரத்தினபுரிக் கல்லு."

அலுமினிய ஒக்சைட் பொடியை உருக்கித் தொழிற்சாலையில் வளர்க்கும் கல் அது, இரத்தினபுரிச் சேற்றை அது கண்டதே இல்லை என்று சொல்லப் போனவள் வாயை மூடிக்கொண்டாள். சோறு ஏற்கனவே ஆறிவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் அவள் அலவியைப் போலப் பேசிக் காட்டினாள். குடையைக் கையில் கட்டிய கடிகாரமாக நினைத்து நீட்டி, "இது குடையில்ல, ஹைடெக் நைலோன்" என்றாள். ஹபீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். இந்தச் சிரிப்புக்காகவே அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடுகளை அவள் பொறுத்துக்கொண்டாள்.

கத்தியால் கீறினாலும் கோடு விழாத பொருள், கல்லில் விழுந்தால் உடையும். இதைச் சுவிட்சர்லாந்தில் யாரும் அலவிக்குச் சொல்லவில்லை போலும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்வதற்காகக் கழற்றிச் சுவர் விளிம்பில் வைத்த கடிகாரம், சட்டைக் கை பட்டுக் கீழே விழுந்தது. அந்தத் தரைக்கு ஓடு பதித்துக் கொடுத்தவர் அலவிதான். முதல் தரமான ஓடு. சங்கிலியின் கறுப்புக் கண்ணிகளில் ஒன்று இரண்டாக உடைந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

முகவரிடம் கொண்டுபோனபோது வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும், திரும்பிவரப் பல மாதங்களாகும் என்றார்கள். அலவிக்கு மாதங்கள் இல்லை. கொழும்பில் கடிகாரப் பிரியர்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு காலை காலிமுகப் பக்கம் ஒரு ஹோட்டலில் அவர்களுடைய காலைச் சாப்பாடு. அதில் தான் பார்த்த தொழிற்சாலையைப் பற்றி அலவி பேச இருந்தார். வெறும் கையோடு போய் எப்படிப் பேசுவது?

அவர் பர்ஹாவிடம் நேரே கேட்கவில்லை. தம்பியை அனுப்பினார்.

"ஒங்களுக்குப் பல்லு செய்ற றேமண்டிட மெஷின்ல அந்த லிங்க செய்ய ஏலாதா?" என்று ஹபீஸ் குசினி வாசலில் நின்று கேட்டான்.

"வொச் வேற, பல்லு வேற என்டாரே."

"பாவம் பர்ஹா. நித்திரையும் இல்ல அவருக்கு."

அவள் சம்மதித்தாள். இரக்கத்தினால் இல்லை. கொட்டாஞ்சேனையில் பல் செய்யும் இடமொன்றின் பிளாஸ்டிக் ஸ்டூலில் அலவி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அவளுடைய நோயாளிகளுக்குப் பல் செய்து கொடுப்பவன் றேமண்ட். ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அவனுடைய வேலைத்தலம். தலைக்குச் சாயம், கழுத்துவரை வாசனை. தன்னை யாராவது பல் செய்கிறவர் என்று சொன்னால் 'செரமிஸ்ட்' என்று திருத்துவான். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. அன்று கடிகாரத்தைக் கண்டதும் அந்த வாயும் அடைத்துவிட்டது. துவாயில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினான்.

"டொக்டர், இதை நான் ஃபோன்லதான் பாத்திருக்கிறன்."

உடையாத பக்கத்துக் கண்ணியைக் கழற்றி ஸ்கேன் எடுத்தான். கொம்பியூட்டர் திரையில் அது ஒரு விறகுக் கட்டைபோலச் சுழன்றது. சுடும்போது துளையும் சேர்ந்து சுருங்கும், கண்ணிகளை இணைக்கும் ஊசி சரியாக இறங்கவேண்டும் என்று கணக்குப் பார்த்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றிய பேச்சு வந்தது.

"கறுப்பு இல்லை சேர். கறுப்புப் பல்லு ஆரும் கேக்கிறதில்லையே."

ஒரு நீளமான பெட்டியைத் திறந்தான். கம்பிகளில் செருகிய பற்கள் வரிசையாக இருந்தன. வெள்ளை, மங்கல் வெள்ளை, மஞ்சள், பழுப்பு. நோயாளியின் வாயருகே பிடித்து நிறம் பொருத்திப் பார்க்கும் மாதிரிகள். அலவி அந்தப் பற்களைப் பார்த்தார். பற்களும் அவரைப் பார்த்தன.

"ஒண்டு மட்டும் வேற நிறமெண்டா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்," என்றான் றேமண்ட். "ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு மாத்துவம் சேர். அப்ப அது டிசைன்."

அலவியின் முதுகு நிமிர்ந்தது. டிசைன் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பல்லாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மிக வெள்ளையானதை உடனே வைத்துவிட்டார். "இது கொமட் கலர்." கடைசியில் மஞ்சள் கலந்த ஒன்றில் நின்றார்.

"அது ஏ-த்ரீ," என்றாள் பர்ஹா. "பிளேன்டீயும் சிகரெட்டும் பழகின, நாப்பது தாண்டின ஆம்பளைகளுக்குப் போடுற நிறம்."

"ஐவரி," என்றார் அலவி. "யானைத் தந்தம்."

அவருடைய இரண்டு கண்ணிகளும், முகத்துவாரத்து மீன் வியாபாரி ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு ஒரே தட்டில் சூளைக்குள் போயின. பர்ஹா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாதத்தில் அவள் அனுபவித்த பெரிய சந்தோசம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹபீஸ் வற்புறுத்தி அவளையும் ஹோட்டலுக்கு அழைத்துப் போனான். முட்டையப்பமும் பழச்சாறும் ஒரு பக்கம் இருக்க, பெரிய பெரிய மனிதர்கள் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்துத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்கள்கூட இவ்வளவு மரியாதையாகப் பிடிப்பதில்லை. மணி என்ன என்று கேட்டால் அவர்களில் பாதிப்பேர் ஃபோனை எடுத்துப் பார்த்தார்கள்.

அலவி பேசினார். பொடி, அச்சு, சூளை, வைரம். பர்ஹா சாப்பாட்டு மேசையில் சொன்ன சிர்கோனியாவும் சுருக்கமும் அந்தப் பேச்சில் இருந்தன, சுவிட்சர்லாந்தில் கேட்டவையாக. பிறகு கையை உயர்த்தினார். கறுப்புச் சங்கிலியில் இரண்டு மஞ்சள் கண்ணிகள் தெரிந்தன.

"அந்த ரெண்டு லிங்க் என்னங்க?" என்று முன்வரிசையில் இருந்தவர் கேட்டார். அவர் கண்ணப்பன். புறக்கோட்டையில் பரம்பரையாக வட்டிக்குக் கொடுக்கும் குடும்பம். கழுத்தில் நகைக்காரர்களின் பூதக்கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

"ஐவரி எடிஷன்," என்றார் அலவி. "இது கடைக்கு வாற சாமானில்ல."

"எத்தனை பீஸ் பண்ணியிருக்கான்?"

"விரல்ல எண்ணலாம்."

அது பொய்யில்லை. கண்ணப்பன் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். "இந்த பாலிஷைப் பாருங்க," என்றார். "கையால பண்ணது. மெஷின்ல இது வராது. தலைமுறை தலைமுறையா பண்றவன் கை இது."

கடைவாய்ப் பற்களுக்குப் போடும் இறப்பர் சக்கரத்தால் றேமண்ட் மினுக்கிய கண்ணிகள். பர்ஹா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹபீஸைத் தேடினாள். அவன் சற்றுத் தள்ளி நின்றான். யாரோ ஒருவர் அவன் தோளில் கை போட்டு ஏதோ கேட்க, இவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய பக்கம் திரும்பவில்லை.

அடுத்த சில வாரங்களில் றேமண்டிடமிருந்து வரவேண்டிய பற்கள் பிந்தத் தொடங்கின. மெஷின் பழுது என்றான். மற்றொரு நாள் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது என்றான். பர்ஹா நம்பினாள். அவளுடைய நோயாளிகளில் ஜெகதீஸ்வரி என்பவருக்கு இரண்டு முன்பற்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அளுத்கடை நீதிமன்றத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் மொழிபெயர்க்கும் உத்தியோகம் அவருக்கு. த்ரீவீல் பள்ளத்தில் விழுந்தபோது முன்கம்பியில் மோதிப் பற்கள் உடைந்திருந்தன. பர்ஹா தற்காலிகமாகப் பிளாஸ்டிக் உறைகளைப் போட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஒருநாள் மாலை அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"கழண்டு விழுந்திட்டுது டொக்டர். கோட்டில வச்சு."

"சாப்பிடேக்குள்ளயா?"

"இல்லை. ஒரு பிள்ளை சாட்சி சொல்லிக்கொண்டு நிண்டவ. புருஷன் தனக்கு என்ன செய்தவன் எண்டு. நான் அதைச் சிங்களத்தில சொல்லேக்க உறை தெறிச்சு மேசையில விழுந்திட்டுது. பின்னால இருந்த ஆக்கள் எல்லாரும் சிரிச்சிட்டினம்." அவர் முந்தானையை இறக்கினார். "என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்குக் காரியமில்லை. அந்தப் பிள்ளை தன்னைப் பாத்துச் சிரிக்கினம் எண்டு நினைச்சிட்டா. அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை."

பர்ஹா உறையை மறுபடி ஒட்டி அனுப்பினாள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

றேமண்ட் அவளை எதிர்பார்க்கவில்லை. சூளையின் தட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அதில் ஒரு பல்கூட இல்லை. தட்டு நிறையக் கண்ணிகள். மஞ்சள், பழுப்பு, மங்கல் வெள்ளை. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை, அது அடுத்த சிர்கோனியா வட்டைக் கடைந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரியின் பல் அச்சு, மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது.

"இந்த வொச் ஆக்கள் சரியா அவசரப்படுத்தினம் டொக்டர்," என்றான். "ஒண்டைக் கையில எடுத்துப் பாருங்கோ. நான் இவ்வளவு காலம் செய்த வேலையை ஆரும் பாத்ததே இல்லை. வாய்க்குள்ள போனா முடிஞ்சுது. இதை ஆக்கள் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கினம்."

"யார் ஓடர் எடுக்கிற? அலவி நானாவா?"

றேமண்ட் கையுறையைக் கழற்றத் தொடங்கினான். அவளைப் பார்க்கவில்லை. "இல்லை டொக்டர். உங்கட மிஸ்டர்தான் எல்லாம் கொண்டுவாறவர். உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நினைச்சன்."

அவள் தன் நோயாளிகளின் அச்சுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். இனி இந்தப் படியில் தன் வேலை ஏறாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெமட்டகொடையில் பல் செய்யும் வேறோர் இடம் இருந்தது. பழைய இடம், சின்ன மெஷின், யாரும் செரமிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்கே அங்கே கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ஜெகதீஸ்வரியின் முன்பற்கள் வந்தன. கண்ணாடியில் பார்த்தவர், வழக்கில் வரும் நீளமான சிங்களச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சறுக்கவில்லை. சாட்சிக்காரப் பிள்ளையின் வழக்கு தள்ளிப் போடப்பட்டிருப்பதாகவும், அவள் வருவாளோ தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹபீஸ் மறுக்கவில்லை. ஹோலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஓம் என்றான்.

"நானா சொன்னாரா செய்யச் சொல்லி?"

"இல்ல. அவருக்கு இது புடிக்கவும் இல்ல. தனக்கு மட்டும் ஈக்கணும் என்டு நினைச்சாரு." மேசையில் கிடந்த ஃபோனைத் திருப்பி வைத்தான். "அந்தாக்கள் எனக்குப் பேர் சொல்லிக் கோல் பண்றாங்க பர்ஹா. இவ்வளவு காலமும் நான் அலவிட தம்பி. ஒங்கட கிளினிக்குல டொக்டர்ட மாப்பிள்ளை."

"அண்டைக்கு வழியெல்லாம் சிரிச்சீங்களே. அவரைப் பார்த்து."

"நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

இத்தனை வருடமும் இரண்டுபேர் சேர்ந்து சிரித்ததாக அவள் நினைத்திருந்தாள். அவன்மேல் வந்த இளக்காரத்தை அவளால் அடக்க முடியவில்லை, அதை அவன் அவளுடைய முகத்திலேயே பார்த்துவிட்டான். எழுந்துபோய்த் தேநீர் ஊற்றினான். அவளுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான். அது அப்படியே இருந்தது.

வட்டத்தின் அடுத்த கூட்டம் அலவியின் வீட்டில் நடந்தது. கூப்பிடாமலே பர்ஹா போனாள். பெட்டிஸும் தேநீரும் சுற்றி வந்துகொண்டிருந்தன. பாதிப்பேருடைய கையில் இப்போது மஞ்சள் கண்ணிகள் இருந்தன. அவள் நடுவில் நின்று, கிளினிக்கில் நோயாளிக்கு விளக்குவதுபோலச் சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் கையில போட்டீக்கிறது பல்லு. கொட்டாஞ்சேனையில, பேக்கரிக்கு மேல, பல் செய்ற மெஷின்ல வெட்டினது. அலவி நானாட லிங்க் உடைஞ்சதால செஞ்சது. ஐவரியும் இல்ல, எடிஷனும் இல்ல. சுவிட்சர்லாந்துல யாருக்கும் இது தெரியாது."

அலவி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியது. ஹபீஸ் தரையைப் பார்த்தான். இனி ஒவ்வொருவராகக் கழற்றிப் பைக்குள் போடுவார்கள் என்று பர்ஹா எதிர்பார்த்தாள்.

கண்ணப்பன்தான் முதலில் பேசினார். "அப்ப இது மெடிக்கல் கிரேடா?"

"வாய்க்குள்ள வெக்கிற பொருள்தான்," என்றாள் பர்ஹா.

"பாத்தீங்களா," என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். "வாட்ச் கம்பெனிக்காரன் மெடிக்கல் கிரேட் போடறானா? போட மாட்டான். இது அதைவிட ஒசத்தி." பிறகு எழுந்து அவளருகில் வந்தார். "டாக்டர், ஒரு சந்தேகங்க. என் பல்லோட கலருக்கே மேட்ச் பண்ணிப் பண்ண முடியுமா? உலகத்துல ஒரே பீஸா இருக்குமே."

பதிலுக்குக் காத்திராமல் வாயைத் திறந்து காட்டினார். அவர் பின்னால் இன்னும் இரண்டுபேர் வந்து நின்றார்கள்.

பழக்க தோஷத்தில் அவள் எட்டிப் பார்த்தாள். ஈறு சிவந்து வீங்கிப் பற்களை விட்டு இறங்கியிருந்தது. கீழ்ப் பற்களின் பின்னால் காறை கட்டியிருந்தது. "ஒங்களுக்கு ஈறு நோய் ஈக்குது," என்றாள். "கீழ்ப் பல்லு மூணு ஆடுது. இப்ப வைத்தியம் செய்யாட்டி விழுந்துடும்."

"அது பாத்துக்கலாங்க. கலர் என்னன்னு சொல்லுங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் பேச்சும் சிரிப்பும் முன்னைவிடக் கூடியிருந்தன.

பிறகு அலவி தன் கடிகாரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார். வேறு யாரோ செய்த கண்ணி பூட்டப்பட்டிருப்பதால் தாங்கள் கை வைக்கமாட்டோம் என்று எழுதி, பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பர்ஹாவோடு பேசுவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டிலேயே சூடாகச் சாப்பிட்டாள். வட்டத்துக்காரர்களுக்குப் பல் நிறமும் சீக்கிரம் அலுத்தது. காபன் நாரில் செய்த கடிகாரம் ஏதோ வந்துவிட்டதாம், இறகைவிடப் பாரம் குறைவாம். ஹபீஸின் ஃபோன் அடிப்பது நின்றது. றேமண்ட் இரண்டு தடவை ஆள் அனுப்பி அவளுடைய பல் வேலைகளைத் திரும்பக் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. ஹபீஸும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பற்றியும் மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் கதைத்தார்கள். அலவியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது கண்ணப்பன் கன்னம் வீங்கிய நிலையில் கிளினிக்குக்கு வந்தார். கையில் கறுப்பாக ஏதோ புதுக் கடிகாரம். இரண்டு இரவு கண் மூடவில்லை என்றார். பர்ஹா ஊசி போட்டு, ஆடிய மூன்று பற்களையும் எடுத்தாள். அதிக நேரமாகவில்லை, அவை விழத் தயாராகத்தான் இருந்தன. பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தவர், அவள் பற்களைக் கழிவு வாளிப் பக்கம் கொண்டுபோவதைக் கண்டு கையை நீட்டி மறித்தார். விறைத்த நாக்கால் மெல்லச் சொன்னார்.

"வீசாதீங்க டாக்டர். வாட்ச் டயலுக்கு விண்கல்லைக்கூட சீவிப் போடறான். இதையும் மெல்லிசா சீவினா போடலாமில்ல?"

பர்ஹா அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று பற்களையும் கழுவி, துணியில் சுற்றி, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். சூடாக எதுவும் குடிக்கவேண்டாம், இன்றைக்குக் கொப்பளிக்கவேண்டாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. துணியைப் பிரித்து, ஒரு பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு, கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.